சாகா காளான்: வடித்துக் குடிக்கலாம், பொடியை விழுங்கலாமா?

குளிர்நாடுகளின் பிர்ச் மரங்களில் வளரும் சாகா காளானைப் பற்றி வாசகர்கள் தொடர்ந்து கேட்டு வருகிறார்கள். ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்து, சற்று விரிவாகவே பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: சாகா உண்மையிலேயே காளான்தானா? படங்களில் குடையும் இல்லை, காம்பும் இல்லை. மரத்தில் ஏதோ கட்டி வந்த மாதிரி இருக்கிறதே?

பதில்: காளான்தான். அறிவியல் பெயர் இனோனோட்டஸ் ஆப்ளிக்வஸ். ஆனால் படத்தில் நீங்கள் பார்த்த கறுப்புக் கட்டி வித்து உதிர்க்கும் உறுப்பு அல்ல. பிர்ச் மரத்தின் பட்டையில் காயம் பட்ட இடம், ஒடிந்த கிளையின் வடு போன்றவற்றின் வழியாக வித்து உள்ளே போகும். அது இழைகளாகப் பரவி உள்மரத்தை அரிக்கும். சில ஆண்டுகள் கழித்து அந்த இழைகள் மரத்தூளோடு சேர்ந்து இறுகி, பட்டையைப் பிளந்துகொண்டு வெளியே தள்ளும். அதுதான் சாகா. வெளிப்புறம் மெலனின் நிறமியால் கறுத்து, வெடித்துக் கிடக்கும். உடைத்தால் உள்ளே துருப்பிடித்த பழுப்பு. தக்கை போன்ற இறுக்கம். இடையிடையே வெளிர்மஞ்சள் கோடுகள்.

வித்து தரும் பகுதி மரமோ அந்தத் தண்டோ செத்த பிறகுதான் வரும். பட்டைக்கு அடியில் பழுப்புத் தகடாகப் படர்ந்து, பட்டையை நெம்பித் தள்ளி, கொஞ்ச நாளில் வித்தை உதிர்த்துவிட்டுப் பூச்சிகளுக்கு இரையாகிவிடும். காட்டிலேயே திரிபவர்களுக்கும் அது எளிதில் கண்ணில் படாது.

மரத்துக்கு இது நோய், வெண்ணழுகல் வகை. ஆனாலும் பிடித்தவுடன் மரம் சாவதில்லை, பல பத்தாண்டுகள் தாங்கும். ஆல்டர் போன்ற வேறு சில மரங்களிலும் எப்போதாவது வரும் என்றாலும், நாட்டு வைத்தியத்தில் பிர்ச் மரத்துச் சாகாவுக்கு மட்டுமே மதிப்பு.

கேள்வி: இதை எந்த மக்கள், எதற்காகப் பயன்படுத்தினார்கள்?

பதில்: மேற்குச் சைபீரியாவின் காந்தி (Khanty) என்னும் பழங்குடி மக்கள், ரஷ்யாவின் வடபகுதிக் கிராமத்தார், பின்லாந்துக்காரர்கள் ஆகியோரிடம் இந்தப் பழக்கம் வேரூன்றியிருந்தது. வயிற்றுப்புண், செரியாமை, கல்லீரல் கோளாறு, குடற்புழு, காசநோய் என்று பலவற்றுக்கும் காந்தி மக்கள் சாகாத் தேநீர் குடித்தார்கள். அவர்களிடம் இன்னொரு பயன்பாடும் உண்டு. சாகாத் துண்டை நெருப்பில் சிவக்கச் சுட்டு, வெந்நீரில் போட்டு உடைத்துக் கலக்குவார்கள். கறுத்த அந்த நீரைச் சோப்புநீர் போலக் கொண்டு உடம்பு கழுவுவார்கள். பிள்ளை பெற்ற பெண்களும் அதில்தான் கழுவிக்கொண்டார்கள்.

பின்லாந்தில் இரண்டாம் உலகப் போரின்போது காப்பிக்கும் தேயிலைக்கும் தட்டுப்பாடு வந்தது. அப்போது சாகாவை வேகவைத்து ‘டிக்காத்தே’ என்ற பெயரில் குடித்தார்கள். மருந்தாகவும் பானமாகவும் ஒரே பொருள் நின்றதற்கு அதன் சுவையும் காரணம். கசப்பு மிகக் குறைவு, லேசான மரவாசனை, நிறம் மட்டும் கடுங்காப்பி.

மருந்தாக அரசு ஏற்பு கிடைத்தது சோவியத் ஒன்றியத்தில், 1955-இல். நீர்ச்சாற்றைச் சுண்டவைத்துக் கோபால்ட் உப்பு சேர்த்த ‘பெஃபுங்கின்’ என்னும் மருந்து அங்கே மருந்துக்கடைகளுக்கு வந்தது. நாள்பட்ட இரைப்பை அழற்சிக்கும், புற்றுநோயாளிகளுக்கு வலியையும் சோர்வையும் தணிக்கும் துணை மருந்தாகவும் அதைக் கொடுத்தார்கள். புற்றுநோயைக் குணமாக்கும் மருந்தாக அல்ல. இந்த வேறுபாட்டை இன்றைய விளம்பரங்கள் துடைத்துப் போட்டுவிட்டன.

கேள்வி: தயாரிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள். ஒருவர் கொதிக்க வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் கொதிக்கவே கூடாது என்கிறார்.

பதில்: இரண்டும் இருவேறு மரபுகள்.

ரஷ்ய மருந்தியல் கைநூல்களின் முறை ஊறல். 50 கிராம் உலர்ந்த சாகாவைக் கழுவி, கொதித்து ஆறிய நீரில் மூழ்கும்படி நான்கு மணி நேரம் ஊறவிட வேண்டும். கல் போல இருந்த துண்டு அப்போதுதான் இளகும். துண்டை எடுத்துத் துருவுங்கள். ஊறிய நீரைக் கொட்டாமல் தனியாக மூடி வையுங்கள். துருவலுக்கு ஐந்து மடங்கு, அதாவது 250 மி.லி. நீரை 50 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி அதில் ஊற்றுங்கள். வெப்பமானி இல்லாமல் ஊகத்தில் செய்தால் பெரும்பாலும் கூடுதல் சூடாகிவிடும். 48 மணி நேரம் மூடி வைத்து, மெல்லிய துணியில் வடித்து, சக்கையை நன்றாகப் பிழியுங்கள். முதலில் எடுத்துவைத்த நீரை இதோடு சேர்த்தால் ஊறல் தயார். குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும், அதற்கு மேல் வைக்க வேண்டாம்.

இந்த முறையில் கோளாறு வருவது அந்த 48 மணி நேரத்தில்தான். குளிர்ந்த வீட்டுக்குச் சொன்ன கணக்கு அது. அறை வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் இரண்டாம் நாளே புளித்து, மேலே ஆடை கட்டும். அப்படிப்பட்ட வீட்டில், ஆறியவுடன் குளிர்பெட்டிக்கு மாற்றி ஊறவிடுவதே சரி. புளிப்பு வாசனை வந்த ஊறலைச் சூடாக்கிச் சரிசெய்ய முயல வேண்டாம்.

மற்றது கஷாய முறை. ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் துண்டு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, குமிழி பொங்காத நிலையில் ஒரு மணி நேரம் வைத்திருந்து வடிக்க வேண்டும். அதே துண்டை உலர்த்தி இன்னும் இரண்டு மூன்று முறை பயன்படுத்தலாம். நிறம் வெளுத்தால் சத்தும் தீர்ந்தது.

வெப்பம் கூடினால் நிறமிப் பொருள்கள் சிதையும் என்பது ஊறல் மரபின் வாதம். காளானின் செல்சுவர் கைட்டின் என்னும் கடினப் பொருளைக் கொண்டது. அதற்குள் சிக்கியுள்ள பீட்டா குளுக்கன் என்னும் நார்ச்சத்து வெந்நீரில்தான் நன்றாக இறங்கும் என்பது கஷாயத்துக்கு ஆதரவான வாதம். எங்கள் தேர்வு கஷாயம். கிருமி பெருகும் வாய்ப்பு குறைவு, அளவும் கையில் இருக்கிறது.

பாத்திரம் கண்ணாடி, மண், எனாமல் அல்லது துருப்பிடிக்காத எஃகு. இரும்புச் சட்டி வேண்டாம். சாகாவின் பாலிபினால்கள் இரும்போடு சேர்ந்து கறுத்து, துவர்ப்பேறிவிடும்.

சாகாவில் உள்ள டிரைடெர்பீன்களும் ஸ்டீரால்களும் நீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம். அவற்றுக்காகச் சிலர் 40 விழுக்காட்டு ஆல்கஹாலில் இரண்டு மூன்று வாரம் ஊறவைத்து, அந்தச் சக்கையைப் பிறகு நீரில் வேகவைத்து இரண்டையும் கலக்கிறார்கள். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு இந்த வழி கூடாது.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம்?

பதில்: மருத்துவ ஆய்வுகளால் நிறுவப்பட்ட அளவு எதுவும் கிடையாது. பழைய ரஷ்யக் கைநூல்கள் நாளுக்கு மூன்று கோப்பை ஊறல், சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, மூன்று முதல் ஐந்து மாதம், நடுவில் ஏழு முதல் பத்து நாள் இடைவெளி என்று எழுதின. மருத்துவர் பார்வையில் இருந்த நோயாளிகளுக்கான அளவு அது. வீட்டில் தாமாகக் குடிப்பவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் கருத்து. மேலே சொன்ன நீர்த்த கஷாயத்தில் நாளுக்கு ஒரு கோப்பை, அதையும் சில வாரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இடைவெளி விட்டுக் குடிப்பது நிதானமான வழி. நீண்ட நாள் குடித்தவர்களில் சிலருக்குப் படபடப்பும் எரிச்சலும் வரும் என்று அந்தக் கைநூல்களே குறித்துள்ளன. அளவைக் குறைத்தால் தணிந்துவிடும். நாள்பட்ட குடல் அழற்சி, சீதபேதி உள்ளவர்களுக்கு அப்போதே விலக்கு சொல்லியிருந்தார்கள். இந்தக் கேள்விக்கு மிச்சப் பதில் அடுத்ததில் இருக்கிறது.

கேள்வி: எதற்கு இந்த வேலையெல்லாம்? பொடியாகவே விற்கிறார்களே. தினம் இரண்டு கரண்டி வெந்நீரில் கலக்கிக் குடித்தால் முழுச்சத்தும் கிடைக்காதா? எனக்கு முன்பு ஒருமுறை சிறுநீரகக் கல் வந்து போயிருக்கிறது.

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். உங்களுக்குச் சாகாவே வேண்டாம், எந்த வடிவிலும்.

சாகாவில் ஆக்சலேட் என்னும் உப்பு மிக அதிகம். குடலில் கால்சியம் போதிய அளவு இருந்தால் ஆக்சலேட்டின் ஒரு பகுதி அதோடு பிணைந்து மலத்தில் போய்விடும். பிணையாமல் தப்பியது இரத்தத்தில் ஏறும். உடம்பால் அதைச் சிதைக்க முடியாது; சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும். அங்கே அது கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகும். சிறுநீரக நுண்குழல்களில் இந்தப் படிகங்கள் அடைத்தால் அழற்சியும் தழும்பும் உண்டாகி, அந்தத் திசு மீளாமலே போகலாம்.

இது வெறும் ஊகம் அல்ல. 2014-இல் ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்த நோயாளி 72 வயதுப் பெண். கல்லீரல் புற்றுநோய்க்காக நாளுக்கு நான்கைந்து தேக்கரண்டி சாகாப் பொடியை ஆறு மாதம் சாப்பிட்டார். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரை போனது. திசுச் சோதனையில் நுண்குழல்களில் ஆக்சலேட் படிகங்கள் தெரிந்தன. அதன்பிறகு கொரியாவிலிருந்தும் இதே போன்ற பதிவுகள் வந்துள்ளன.

மரபில் சாகாவை வடித்துத்தான் குடித்தார்கள், சக்கையை விழுங்கவில்லை. பொடியைக் கரண்டி கரண்டியாக உள்ளே தள்ளுவது அண்மைக்கால வழக்கம். 5 கிராம் துண்டை ஒரு லிட்டரில் வேகவைத்து, வடித்து, ஒரு கோப்பை குடிப்பவருக்கும், அந்தப் பொடியைப் பத்துப் பதினைந்து கிராம் விழுங்குபவருக்கும் போய்ச் சேரும் ஆக்சலேட் ஒன்றாகுமா? அதற்காக வடித்தால் ஆபத்தே இல்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். கரையக்கூடிய ஆக்சலேட் கஷாயத்திலும் இறங்கும். குறையுமே தவிர ஒழியாது.

எனவே சிறுநீரகக் கல் வந்தவர்கள், இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) உயர்ந்தவர்கள், ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர்கள், உடல் எடைக்காக இரைப்பை மாற்றுவழி அறுவை செய்துகொண்டவர்கள், கொழுப்பு சரியாகச் செரிக்காத குடல்நோய் உள்ளவர்கள் ஆகியோர் முழுவதுமாக விலக்க வேண்டும். வைட்டமின் சி மாத்திரையை ஒரு கிராம், இரண்டு கிராம் என்று விழுங்குபவர்களும் கவனிக்க வேண்டும். மிஞ்சிய வைட்டமின் சி-யில் ஒரு பகுதி உடம்பில் ஆக்சலேட்டாக மாறும். மற்றவர்கள் குடிப்பதானால் நிறையத் தண்ணீர் குடியுங்கள். கஷாயத்தோடு பாலோ தயிரோ சேர்ந்தால் நல்லது, அதிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்ளும். சிறுநீர் குறைவது, பாதம் வீங்குவது, காரணமில்லாத குமட்டல், அயர்வு என்று தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு இரத்தத்தில் கிரியாட்டினின் பாருங்கள். மருத்துவரிடம் சாகா குடித்ததை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்தக் காரணம் தோன்றவே தோன்றாது.

கேள்வி: சாகா குடித்த ரஷ்ய விவசாயிகளுக்குப் புற்றுநோயே வரவில்லையாமே? என் அண்ணனுக்குக் கீமோ சிகிச்சை நடக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது 1968-இல் வெளியான, ரஷ்ய எழுத்தாளர் சோல்செனித்சினின் ‘புற்றுநோய் வார்டு’ நாவல் வழியாக. மாஸ்கோவுக்கு அருகில் அலெக்சாந்தரோவ் வட்டாரத்தில் பணியாற்றிய மாஸ்லெனிக்கவ் என்ற மருத்துவர், தேயிலைக் காசை மிச்சப்படுத்தச் சாகா குடித்த விவசாயிகளிடம் புற்றுநோய் அரிதாக இருந்ததைக் கவனித்ததாக நாவலில் வரும். அது ஒரு மருத்துவரின் கவனிப்பு. அங்கே எத்தனை பேருக்கு நோய் கண்டறியும் வசதி இருந்தது, எத்தனை பேர் முதுமைக்கு முன்பே வேறு காரணத்தால் இறந்தார்கள் என்ற கணக்கெல்லாம் இல்லாமல் அதிலிருந்து முடிவுக்கு வர முடியாது. அந்த எழுத்தாளரே தமக்கு வந்த புற்றுநோய்க்குத் தாஷ்கந்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்தான்.

ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களையும் எலிகளின் கட்டிகளையும் சாகாச் சாறு கட்டுப்படுத்தியதாகப் பல ஆய்வுகள் உண்டு. இனோட்டோடயால், பெட்டுலின் வழிப் பொருள்கள், பீட்டா குளுக்கன் ஆகியவற்றின் பெயர் அவற்றில் அடிபடும். மனிதர்களிடம் முறையாக நடத்தி நிரூபித்த சிகிச்சை ஆய்வு இல்லை. ஜப்பானில் 1977-இல் புற்றுநோய்த் துணைமருந்தாக ஏற்கப்பட்ட பிஎஸ்கே, ‘வான்கோழிவால்’ எனப்படும் வேறொரு மரக்காளானிலிருந்து பிரித்தது. அதைச் சாகாவின் கணக்கில் சேர்க்கிறார்கள், தவறு.

உங்கள் அண்ணனுக்கு இப்போது கொடுக்காதீர்கள். கீமோ மருந்துகள் சிலவே சிறுநீரகத்துக்குச் சுமை. அதன்மேல் ஆக்சலேட்டையும் ஏற்றுவது அவருக்குச் செய்யும் உதவியாகாது. வாந்தியாலும் பசியின்மையாலும் உடம்பில் நீர் வறண்டிருக்கும் நாள்களில் ஆபத்து இன்னும் கூடும். எதையாவது கொடுத்தே தீர வேண்டும் என்ற உங்கள் தவிப்பு புரிகிறது. முதலில் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். கணவர் இதய வால்வு மாற்றியதிலிருந்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். நாங்கள் இருவரும் குடிக்கலாமா?

பதில்: உங்கள் கணவர் குடிக்கவே கூடாது. சாகாவில் இரத்தத் தட்டுகள் ஒட்டுவதைத் தடுக்கும் பொருள் இருப்பதாக ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். வார்ஃபரினோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு வரலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் சாப்பிடுபவர்களுக்கும் இதே பதில். எந்த அறுவைக்கும் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

உங்களுக்கு: எலிகளில் சாகா சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்கு இது தாழ்சர்க்கரை மயக்கத்தில் முடியலாம். சர்க்கரை நோய் நாளடைவில் சிறுநீரகத்தைத் தொடும் என்பதால், ஆக்சலேட் பேச்சு உங்களுக்கும் பொருந்தும்.

மாற்றுறுப்பு பெற்று நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவர்கள், தன்னெதிர்ப்பு நோயாளிகள், கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள் யாருக்கும் வேண்டாம். பென்சிலின் ஊசியும் சிரைவழிக் குளுக்கோசும் போகும்போது சாகா கூடாது என்று பழைய ரஷ்யக் கைநூல்கள் தெளிவாகவே தடை போட்டிருக்கின்றன.

கேள்வி: துண்டு, பொடி, மாத்திரை மூன்றும் விற்கிறது. எதை நம்பி வாங்குவது?

பதில்: துண்டு. கண்ணால் சரிபார்க்க முடிவது அது ஒன்றுதான்: ஒரு பக்கம் கறுப்புத் தோல், உள்ளே துருநிறம். கையில் கனமாக இருக்கக் கூடாது. நன்கு காய்ந்த சாகா இலேசானது. மரம் வளர்ந்த நாடும், பிர்ச் மரத்திலிருந்து எடுத்தது என்பதும் உறையில் இருக்க வேண்டும்.

மாத்திரைகளில் பல, அரிசி, ஓட்ஸ் போன்ற தானியத்தின் மேல் வளர்த்த காளான் இழையை அந்தத் தானியத்தோடு சேர்த்தே அரைத்தவை. பிர்ச் மரத்தையே பார்க்காத இழையில் அந்த மரப்பட்டையிலிருந்து வரும் பெட்டுலின் எப்படி இருக்கும்? சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு சிட்டிகைப் பொடியைக் கால் தம்ளர் வெந்நீரில் கலக்கி, ஆறியதும் வடித்து, நிறம் வெளுக்கும்வரை நீர் சேர்த்து, அயோடின் கரைசல் இரண்டு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் அதில் மாவுச்சத்து இருக்கிறது. உறையில் ‘பாலிசாக்கரைடு இத்தனை விழுக்காடு’ என்ற வரியைப் பார்த்து மயங்காதீர்கள், மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான். பீட்டா குளுக்கன் அளவு தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நாங்கள் பின்லாந்தில் இருக்கிறோம். வீட்டருகே காட்டில் பிர்ச் மரங்கள் நிறைய. நாங்களே எடுக்கலாமா?

பதில்: அங்கே காட்டுக்காய்களையும் தரைக்காளான்களையும் யாரும் பறிக்கலாம். சாகா அந்த உரிமைக்குள் வராது. மரத்தோடு ஒட்டிய பொருள் என்பதால் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். மரத்தில் துளையிட்டுச் சாகா இழையேற்றிய முளைகளை அடித்து வளர்ப்பவர்களும் அங்கே உண்டு. நீங்கள் வெட்டுவது ஒருவர் பல ஆண்டு காத்திருந்த பயிராகவும் இருக்கலாம்.

அனுமதி கிடைத்தால், உயிருள்ள மரத்தில் மட்டும் எடுங்கள். செத்த மரத்துச் சாகா உள்ளே கறுத்து, பொடிந்து, பூசணம் ஏறியிருக்கும். சாலையோரமும் ஆலைப்பக்கமும் வேண்டாம். இலையுதிர்ந்த பிறகு, மரம் உறங்கும் பருவமே ஏற்றது. கைக்கோடரியால் கட்டியின் வெளிப்பகுதியை மட்டும் வெட்டி, மூன்றில் ஒரு பங்கையாவது மரத்தில் விட்டுவிடுங்கள். மரத்துக்குள் வெட்டு இறங்கினால் புதுக்காயம் ஆகும்.

ஏமாற்றுபவை மூன்று. மரக்கழலை: அதன்மேல் பட்டை மூடியிருக்கும், வெட்டினால் உள்ளே வெறும் மரம். தீமூட்டிக் காளான்: குளம்பு வடிவம், சாம்பல் நிற வளையங்கள், அடியில் நுண்துளைகள். பொய்த் தீமூட்டிக் காளான்: மேலே கறுத்து வெடித்திருந்தாலும் அடியில் பழுப்பு நுண்துளைப் பரப்பு உண்டு. சாகாக் கட்டிக்கு ஒழுங்கான வடிவமும் கிடையாது, அடிப்பக்கத் துளையும் கிடையாது.

கேள்வி: 5,000 ஆண்டுப் பழைய பனிமனிதர் ஏட்சியின் பையில் சாகா இருந்ததாமே?

பதில்: இல்லை. 1991-இல் ஆல்ப்ஸ் மலையில் கிடைத்த அவரிடம் இருந்தவை தோல்வாரில் கோத்த பிர்ச் அடுக்குக் காளான் துண்டுகளும், நெருப்பு மூட்டும் தீமூட்டிக் காளானும்தான்.

கேள்வி: வாங்கி வைத்த துண்டுகளில் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ படிந்திருக்கிறது. துடைத்துவிட்டுப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. அது பூசணம். சுரண்டினாலும் இழை உள்ளே ஓடியிருக்கும்; கொதிக்க வைத்தாலும் சில பூசண நஞ்சுகள் அழியாது. தூக்கி எறியுங்கள். ஈரம் முழுதும் போகாமல் மூடியதுதான் பெரும்பாலும் காரணம். பச்சைச் சாகாவைப் பெரிய கட்டியாகவே காயவைத்தால் மேல்தோல் இறுகி உள்ளீரம் சிறைப்பட்டுவிடும். எடுத்த அன்றே, ஈரத்தில் இளகியிருக்கும்போது, 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக்கி, 50 டிகிரிக்கு மேல் போகாத சூட்டில் காற்றோட்டமாக உலர்த்த வேண்டும். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்கும்வரை கண்ணாடிப் புட்டியில் அடைக்காதீர்கள். அடைத்த பிறகும் முதல் வாரம் தினமும் பாருங்கள்; உட்புறக் கண்ணாடியில் பனித்தால் திரும்பவும் வெளியே எடுத்துக் காயவிடுங்கள்.